துருக்கிப் பதுமையும் பெர்லின் குதிரையும்

1770ஆம் ஆண்டு வியன்னா மாநகரின் ஷோன்பிரன் அரண்மனையில் ஒரு விந்தை அரங்கேறிற்று. பேரரசி மரியா தெரேசாவும் அவருடைய அவையோரும் வீற்றிருந்த மண்டபத்தினுள், சிறு சக்கரங்கள் பூட்டிய மரப்பெட்டியொன்று உருட்டிக் கொண்டுவரப்பட்டது. ஏறத்தாழ மூன்றரை அடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டரை அடி உயரமும் உடைய பெட்டி அது. அதன் பின்புறத்தே, தலையில் தலைப்பாகையும் உடலில் நீண்ட அங்கியும் அணிந்து, கையில் நெடிய புகைக்குழல் ஏந்திய ஆளுயரப் பதுமை ஒன்று அமர்ந்திருந்தது. பெட்டியின் மேலே சதுரங்கப் பலகை. பலகையின் மேலே காய்கள்.

பெட்டியைக் கொணர்ந்தவர் வுல்ஃப்காங் வான் கெம்பலன். இன்று பிராட்டிஸ்லாவா என வழங்கும் பிரஸ்பர்க் நகரில் 1734இல் பிறந்து, பேரரசியின் அரசுப் பணியில் உயர்ந்தவர். அதற்கு முந்திய ஆண்டு பிரெஞ்சு வித்தைக்காரர் ஒருவர் அதே அவையில் காட்டிய வித்தைகளைக் கண்ட கெம்பலன், அவற்றை விஞ்சும் ஒன்றை ஆறு திங்களுக்குள் தாம் செய்து காட்டுவதாகப் பேரரசியிடம் வாக்களித்திருந்தார். அவ்வாக்கின் நிறைவேற்றமே இப்பதுமை.

கெம்பலன் பெட்டியின் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். உள்ளே பல்சக்கரங்களும் உருளைகளும் நெம்புகோல்களும் தெரிந்தன. பின்பக்கக் கதவையும் திறந்து எரியும் மெழுகுவத்தியை அதன் எதிரே பிடித்தார். வெளிச்சம் ஊடுருவி வந்தது. பதுமையின் அங்கியையும் தூக்கிக் காட்டினார். உள்ளே ஆள் இல்லை என்பது அனைவர்க்கும் உறுதியாயிற்று. பிறகு கதவுகளை மூடிச் சாவியிட்டு முடுக்கினார். பதுமை தலையை மெல்லத் திருப்பிப் பலகையை நோக்கியது. இடக்கையை நீட்டிக் காயை எடுத்து நகர்த்தியது. ஆட வந்தவர்களில் பெரும்பாலோர் தோற்றனர். மரம் சிந்திக்கிறது என்று ஐரோப்பா பேசத் தொடங்கியது.

பொறி சிந்திக்குமா, விலங்கு சிந்திக்குமா, சிந்திப்பதுபோல் தோன்றுவது நம்மை ஏய்க்கின்றதா என்னும் வினாக்கள் இன்று செயற்கை நுண்ணறிவின் வருகையால் வீடுதோறும் எழுகின்றன. இவை புதிய வினாக்கள் அல்ல. இந்தப் பதுமையும், அதற்கு நூற்று முப்பது ஆண்டுகளுக்குப்பின் பெர்லினில் புகழ்பெற்ற குதிரையொன்றும் இவ்வினாக்களுக்கு வரலாறு நடத்திக் காட்டிய இரு தேர்வுகள். அவ்விரண்டையும் அறிந்தவர், மூன்றாவதாக வந்துள்ள விந்தையை நோக்கும் பார்வை வேறாக இருக்கும். ஆதலின் அவற்றைச் சற்று விரிவாகவே நோக்குவோம்.

துருக்கியர் கோலம் ஏன்?

ஹங்கேரி நாட்டுப் பிரபு செய்த ஐரோப்பியப் பொறிக்குத் துருக்கியர் உடை எதற்கு? உதுமானியப் படை வியன்னாவை முற்றுகையிட்டது 1683இல். அம்முற்றுகை முறியடிக்கப்பட்டது. அடுத்த நூறாண்டுகளில் வியன்னா மக்களின் அச்சம் தணிந்து, ஆவலாக மாறியது. துருக்கிய இராணுவ இசை, துருக்கிய உடை, காபி ஆகியவை நாகரிகமாயின. மொசார்ட் துருக்கிய அரண்மனையைக் களமாகக் கொண்டு இசைநாடகம் இயற்றி 1782இல் அதே வியன்னாவில் அரங்கேற்றினார். அயலார், மறைபொருள் அறிந்தோர், அச்சமும் கவர்ச்சியும் ஒருங்கே தருவோர் என்றெல்லாம் மக்கள் மனத்தில் பதிந்திருந்த உருவத்தைக் கெம்பலன் தம் பதுமைக்குப் போர்த்தினார். சதுரங்கமும் பாரசீகர், அரபியர் வழியாகவே ஐரோப்பாவை அடைந்தது. ஆட்டம் முடியும்போது அவர்கள் கூறும் சொல்கூட, 'ஷாஹ் மாத்' என்பதன் திரிபே. ஆதலின் தலைப்பாகை அணிந்தவன் சதுரங்கத்தில் வெல்வது பொருத்தமாகவே பட்டது. வஞ்சனை எதுவும் வெற்றிடத்தில் முளைப்பதில்லை. காண்பவர் ஏற்கெனவே நம்பக் காத்திருப்பதன் மீதே அது வேர்கொள்கின்றது.

மெய்யான கீழைத்தேயத்துப் பொறிவல்லார் ஒருவரை ஈண்டு நினைவுகூர்தல் தகும். டைகிரிஸ் ஆற்றங்கரையில் தியார்பக்கர் நகரை ஆண்ட அர்துக்கிய மன்னர்களின் அவையில் இருந்த அல் ஜஸரீ, 1206இல் தம் நூலை நிறைவு செய்தார். யானை உருவிலான கடிகாரம், ஓடத்தில் அமர்ந்து இசைக்கும் பதுமைகள், கை கழுவ நீர் வார்க்கும் பதுமைகள் என ஐம்பது அமைப்புகளை அதில் விளக்கினார். இந்நூலின் சிறப்பு அதன் திறந்த தன்மை. எக்குழாய் எங்கே செல்கின்றது, எம்மிதவை எதை இழுக்கின்றது என்பதைப் படம் வரைந்து, பிற்காலக் கைவினைஞர் ஒருவர் அவ்வாறே செய்துகொள்ளும் வண்ணம் எழுதி வைத்தார். அவர் பெட்டியைத் திறந்து வைத்துச் சென்றார். கெம்பலனோ பெட்டியைத் திறப்பதுபோல் காட்டி மூடினார்.

பெட்டிக்குள் இருந்த மனிதன்

பெட்டிக்குள் மனிதன் இருந்தான் என்பதே உண்மை. நழுவும் இருக்கையொன்றில் அமர்ந்த சதுரங்க வல்லுநர், ஒரு கதவு திறக்கும்போது மறுபக்கம் நகர்ந்து மறைந்துகொள்வார். கண்ணுக்குத் தெரிந்த பல்சக்கரங்கள் பெட்டியின் முழு ஆழத்தையும் நிரப்பவில்லை. காய்களின் அடியில் காந்தம் இருந்தது. பலகையின் கீழே ஒவ்வொரு கட்டத்திற்கும் தொங்கவிடப்பட்ட சிறு இரும்புத் துண்டு அசைவதைக் கண்டு, மேலே எக்காய் எங்கே நகர்ந்தது என அவர் அறிந்தார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் தம்மிடமிருந்த சிறு பலகையில் ஆட்டத்தை ஆராய்ந்து, நெம்புகோல்களால் பதுமையின் கையை இயக்கினார். உள்ளே எரியும் மெழுகின் புகையை ஐயுறாதிருக்கவே பெட்டியின் மேலும் மெழுகுவத்திகள் ஏற்றப்பட்டன.

எண்பத்து நான்கு ஆண்டுகள் இப்பதுமை உலகில் உலவியது. 1783இல் பாரிஸ் சென்று, அக்காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரரான ஃபிலிடோரிடம் தோற்றது. எனினும் புகழ் குன்றவில்லை. 1804இல் கெம்பலன் மறைந்தபின், பேத்தோவனுக்குச் செவிக்குழல்கள் செய்து கொடுத்த மெல்ஸல் என்பார் அதனை வாங்கினார். 1809இல் அதே ஷோன்பிரன் அரண்மனையில் நெப்போலியன் அதனோடு ஆடினார். விதிக்கு மாறாக அவர் காயை நகர்த்த, பதுமை முதலில் காயைத் திருப்பி வைத்ததாகவும், மீண்டும் மீண்டும் அவ்வாறு செய்தபோது பலகையிலிருந்த காய்களையெல்லாம் கையால் தள்ளிவிட்டதாகவும் கூறுவர். பேரரசரிடம் சினம் காட்டும் துணிவு மரத்திற்கு எங்கிருந்து வந்தது என எவரும் வினவியதாகத் தெரியவில்லை.

1820இல் இலண்டனில் அதனோடு ஆடித் தோற்றவர்களுள் சார்லஸ் பாபேஜ் ஒருவர். பொறியால் கணக்கிட முடியும் என்று வரைபடம் வரைந்து, கணிப்பொறியின் முன்னோடியெனப் பின்னாளில் போற்றப்பட்ட அதே பாபேஜ்தான். போலிப் பொறி தோற்கடித்த மனிதரே மெய்ப்பொறிக்கு வழி வகுத்தார் என்பது வரலாற்றின் விளையாட்டு.

1826இல் மெல்ஸல் பதுமையை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றார். அடுத்த ஆண்டு பால்டிமோர் நகரில் கூரைமேல் ஏறியிருந்த இரு சிறுவர்கள், ஆட்டம் முடிந்தபின் பெட்டிக்குள்ளிருந்து ஒரு மனிதர் வெளிவருவதைக் கண்டுவிட்டனர். செய்தி ஏட்டிலும் வந்தது. ஆயினும் மக்கள் கட்டணம் செலுத்திக் காண்பதை நிறுத்தவில்லை. 1836இல் எழுத்தாளர் எட்கர் ஆலன் போ, உள்ளே மனிதன் இருக்கிறான் என்று தருக்க முறையில் ஒரு கட்டுரை வரைந்தார். அவர் முடிவு சரி. விளக்கங்களில் பல தவறு. 1838இல் உள்ளிருந்து ஆடிய ஷ்லும்பெர்கர் கியூபாவில் மஞ்சள் காய்ச்சலால் மாண்டார்; அவ்வாண்டே மெல்ஸலும் கப்பற் பயணத்தில் உயிர் நீத்தார். 1854 ஜூலை 5இல் ஃபிலடெல்ஃபியாவில் மூண்ட தீயில் பதுமை எரிந்து சாம்பலாயிற்று.

இக்கதையில் வஞ்சித்தவர் யார் என்பதில் குழப்பமில்லை. கெம்பலன் அறிந்தே செய்தார். உள்ளிருந்தவர் அறிந்தே ஆடினார். மரம் மட்டும் எதையும் அறியவில்லை. இனி வருவது அத்துணை எளிதன்று.

கணக்குப் போட்ட குதிரை

வில்ஹெல்ம் வான் ஓஸ்டன் பெர்லினில் வாழ்ந்த ஓய்வுபெற்ற கணக்காசிரியர். விலங்குகளுக்கும் மனிதரைப்போல் பகுத்தறிவு உண்டு. கற்பிப்பார் இல்லாமையே குறை என்பது அவர் கொள்கை. ஹான்ஸ் என்னும் குதிரையைத் தம் வீட்டு முற்றத்தில் நிறுத்தி, கரும்பலகையும் எண்மணிச் சட்டமும் கொண்டு ஆண்டுக்கணக்கில் பாடம் சொன்னார். அடித்தல் குறைவு, கேரட்டும் ரொட்டியும் மிகுதி. குதிரை கற்றது, அல்லது கற்றதாகத் தோன்றியது. கூட்டல், கழித்தல், பின்னங்கள், நாட்காட்டி எனக் கேட்ட வினாக்களுக்கெல்லாம் முன்னங்காற் குளம்பால் தரையைத் தட்டி விடையளித்தது. 1904இல் அதன் புகழ் ஜெர்மனியைக் கடந்து பரவிற்று. காண வந்தவரிடம் வான் ஓஸ்டன் ஒரு காசும் வாங்கவில்லை என்பதை நாம் மறக்கலாகாது. அவர் வித்தைக்காரர் அல்லர். தம் கண்டுபிடிப்பில் உயிரை வைத்த நேர்மையாளர்.

அவ்வாண்டு செப்டம்பரில் பதின்மூவர் குழு ஒன்று ஆராய்ந்தது. உளநூல் பேராசிரியர் கார்ல் ஷ்டும்ஃப், உயிர்க்காட்சிச் சாலைத் தலைவர், சர்க்கஸ் உரிமையாளர் முதலியோர் அதில் இருந்தனர். சர்க்கஸ்காரர் கண்ணுக்கே எந்தச் சூதும் புலப்படவில்லை. வான் ஓஸ்டன் விலகி நின்று, பிறர் வினவியபோதும் குதிரை சரியாகவே விடை தந்தது. சூழ்ச்சி ஏதுமில்லை என்று குழு எழுதியது. அம்முடிவு பொய்யன்று, சூழ்ச்சி உண்மையிலேயே இல்லை. ஆயினும் குதிரைக்குக் கணக்குத் தெரியாது.

இம்முடிச்சை அவிழ்த்தவர் ஷ்டும்ஃபின் மாணவர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட். அவர் கையாண்ட முறை மிக எளியது. வினாவை எழுதிய அட்டையை, வினவுபவரே பார்க்காமல் குதிரைக்குக் காட்டச் செய்தார். வினவுபவர் விடையை அறிந்திருந்தபோது நூற்றுக்கு 89 விடைகள் சரியாயின. அறியாதிருந்தபோது நூற்றுக்கு 6 மட்டுமே தேறின. குதிரையின் கண்ணுக்கு மறைப்பிட்டு, வினவுபவரைப் பாராதபடி செய்தபோதும் அதன் கல்வி மறைந்தது. பிறகு அவர் குதிரையை விட்டு மனிதர்களை உற்று நோக்கலானார். வினவியவர் குளம்பைப் பார்க்கத் தலையைச் சற்றே குனிந்தார். குதிரை தட்டத் தொடங்கிற்று. தட்டுகள் உரிய எண்ணை எட்டியதும், அவருடைய உள்ளத்து இறுக்கம் தளர்ந்து தலை மயிரிழையளவு நிமிர்ந்தது, குதிரை நிறுத்திற்று. அவ்வளவே.

இதனினும் வியப்பானது அடுத்து நிகழ்ந்தது. இக்குறிப்பைக் கண்டுபிடித்த ஃபுங்ஸ்டாலேயே தம் தலையசைவை முற்றும் அடக்க முடியவில்லை. பின்னர் ஆய்வகத்தில் அவரே குதிரையின் இடத்தில் அமர்ந்தார். எதிரே நிற்பவர் ஓர் எண்ணை மனத்தில் நினைக்க, இவர் கையால் தட்டி, அவர் தலையசைவைக் கண்டு நிறுத்தி, அவ்வெண்ணைக் கூறினார். வந்த 25 பேரில் இருவர் நீங்கலாக ஏனையோர் அனைவரும், தாம் எதையும் காட்டவில்லை என்ற உறுதியோடு காட்டிக் கொடுத்தனர். 1907இல் இவற்றையெல்லாம் நூலாக்கினார். அறிவியலில் வினவுபவரும் விடையறியா வண்ணம் சோதனை நடத்துவதன் தேவையை உணர்த்த இக்குதிரையையே இன்றளவும் சான்று காட்டுகின்றனர்.

வான் ஓஸ்டன் இதை ஏற்கவில்லை. மனமுடைந்து, குதிரைமீதும் சினந்து, 1909இல் மறைந்தார். அவர் யாரையும் வஞ்சிக்கவில்லை; குதிரையும் வஞ்சிக்கவில்லை. ஆயினும் ஒரு நாடே ஏமாந்தது. வஞ்சகன் இல்லாத வஞ்சனை இது.

வஞ்சனைக்குப் படிகள் உண்டு

விலங்கினங்களின் இயல்புகளை ஏழு பாகங்கள் கொண்ட நூலில் தொகுத்த பஸரா நகர் அல் ஜாஹிள் (மறைவு ஹிஜ்ரி 255) காலம் முதல் இன்றுவரை, விலங்குகளின் தந்திரம் அறிஞர்களைக் கவர்ந்தே வந்துள்ளது. நம் ஏரிக்கரைகளில் காணும் உப்புக்கொத்தி, கூட்டை நோக்கி நாயோ நரியோ வரக்கண்டால், இறகு முறிந்ததுபோல் தத்தித் தத்தி ஓடிப் பகையைத் தன்பின் இழுத்துச் செல்லும். கூட்டுக்குத் தொலைவானதும் எழுந்து பறந்துவிடும். ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலையில் வாழும் கரிச்சான் இனப் பறவை, பிற உயிர்களின் அபாயக் குரலைப் போலிசெய்து, அவை இரையைப் போட்டுவிட்டு ஓடியதும் அதைக் கவர்கின்றது. ஒரே குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டு அவை அஞ்சாதொழிந்தால், வேறு குரலுக்கு மாறுகின்றது. 2014இல் வெளியான ஆய்வு இதை உறுதி செய்தது.

பிறர் உள்ளத்தை அறிந்து செய்யும் வஞ்சனையா இது, அன்றிப் பழக்கமா? இவ்வினாவுக்கு அருகில் சென்றது கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் எமரியும் கிளேட்டனும் 2001இல் வெளியிட்ட சோதனை. உணவைப் புதைத்து வைக்கும் பழக்கமுடைய ஜே என்னும் காக்கையினப் பறவைகளை அவர்கள் ஆராய்ந்தனர். தான் புதைப்பதை வேறொரு பறவை பார்த்திருந்தால், அது சென்றபின் தனிமையில் உணவை வேறிடத்துக்கு மாற்றுகின்றது. எல்லாப் பறவையும் இவ்வாறு செய்வதில்லை. முன்பு பிறர் உணவைத் தான் திருடியறிந்த பறவையே இவ்வாறு மாற்றுகின்றது. பாம்பின் கால் பாம்பறியும் என்ற பழமொழிக்கு ஆய்வகச் சான்று இது. தன் செயலைக் கொண்டு பிறர் கருத்தை ஊகிக்கும் திறனின் சாயல் அங்கே தெரிகின்றது.

தன்னையறிதலுக்கு ஓர் அளவுகோலை 1970இல் அமெரிக்கர் கார்டன் கேலப் வகுத்தார். மயக்கத்தில் இருந்த சிம்பன்ஸிகளின் புருவத்திலும் காதிலும் செஞ்சாயம் இட்டு, விழித்தபின் கண்ணாடி காட்டினார். அவை கண்ணாடியைத் தொடாமல் தம் முகத்தைத் தொட்டுப் பார்த்தன. குரங்குகள் அவ்வாறு செய்யவில்லை. பின்னர் யானையும் மேக்பை பறவையும், 2019இல் ஒரு சிறு மீனும்கூட இத்தேர்வில் தேறியதாக அறிவிக்கப்பட்டபோது, அளவுகோல் எதைத்தான் அளக்கின்றது என்ற வழக்கு அறிஞரிடையே எழுந்தது.

இவற்றை ஒருங்கே வைத்து நோக்கின் படிகள் புலனாகும். அறியாமலே ஏமாற்றும் தோற்றம் முதற்படி; பயன் கருதிய தந்திரம் இரண்டாவது; பிறர் உள்ளத்தை ஊகித்துச் செய்யும் மறைப்பு மூன்றாவது. மனிதன் இம்மூன்றையும் கடந்து நான்காவது படி ஒன்றில் ஏறினான். அது தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வது. முகத்தைக் கண்ணாடியில் அறியும் அவன், உள்ளத்தைக் காணும்போது தடுமாறுகின்றான். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா'வில் இத்தன்மயக்கத்திற்கென்றே, 'குரூர்' என்ற பெயரில் தனிப் பகுதி ஒன்றை ஒதுக்கினார்கள். அதில் தன்மயக்கத்திற்கு ஆளாவோரை நான்கு வகையினராகப் பகுத்து, முதல் வகையாக அறிஞர்களையே வைத்தார்கள். பெர்லின் குழுவின் பதின்மூவரை எண்ணும்போது அவ்வரிசையின் நுட்பம் விளங்குகின்றது.

மூன்றாவது விந்தை

1950இல் ஆங்கிலக் கணித மேதை ஆலன் டூரிங், பொறி சிந்திக்குமா என்ற வினாவுக்குப் பதிலாக ஓர் ஆட்டத்தை முன்வைத்தார். மறைவில் இருந்து எழுத்தால் மட்டும் உரையாடும் பொறி, தன்னை மனிதனென்று வினவுபவரை நம்பச் செய்ய முடியுமா என்பதே ஆட்டம். ஆக, பொறியறிவின் முதல் தேர்வே ஏமாற்றும் திறனைத்தான் அளந்தது! டூரிங் காட்டிய மாதிரி உரையாடலில் 34957உடன் 70764ஐக் கூட்டும்படி கேட்கப்படுகின்றது. அரை நிமிடம் தயங்கியபின் வரும் விடை 105621. சரியான விடை 105721. மனிதனாக நடிக்க வேண்டுமாயின் தாமதிக்கவும் தவறவும் வேண்டும். அதே கட்டுரையில் பொறி வேண்டுமென்றே பிழை செய்யலாம் என்றும் அவர் எழுதியுள்ளார்.

1966இல் ஜோசஃப் வைசன்பாம் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 'எலைஸா' என்ற நிரலை வெளியிட்டார். மனநல மருத்துவர்போல் அது நோயாளி சொன்னதையே வினாவாகத் திருப்பிக் கேட்கும். பொருள் எதுவும் அதற்குத் தெரியாது. அந்நிரல் உருவாவதை மாதக்கணக்கில் அருகிருந்து கண்ட அவருடைய செயலாளரே, அதனோடு உரையாடத் தொடங்கிய சற்று நேரத்தில், தனிமை வேண்டி அவரை அறையிலிருந்து வெளியேறச் சொன்னார். வைசன்பாம் திடுக்கிட்டார், எஞ்சிய வாழ்நாளில் பெரும்பகுதியை இம்மயக்கத்தை எச்சரிப்பதிலேயே கழித்தார்.

1997 மே மாதம் நியூயார்க்கில் டீப் புளூ என்னும் கணிப்பொறி, உலகச் சதுரங்க வீரர் காஸ்பரோவை வென்றது. இரண்டாம் ஆட்டத்தில் அது நகர்த்திய விதத்தைக் கண்ட காஸ்பரோவ், பின்னால் மனிதக்கை இருந்திருக்குமோ என ஐயுற்றார். மரத்துக்குள் மனிதன் இருந்தபோது பொறியென்றனர். பொறியே ஆடியபோது மனிதன் என்றனர். 2005இல் அமேசான் நிறுவனம், கணிப்பொறியால் இயலாத சிறு வேலைகளைக் கூலிக்கு மனிதர்களிடம் கொடுத்து வாங்கும் ஏற்பாட்டுக்குத் துருக்கிப் பதுமையின் பெயரையே வெளிப்படையாகச் சூட்டியது. எரிந்துபோன பெட்டி அவ்வாறு மீண்டும் எழுந்தது.

இன்றைய மொழிப் பொறிகளில் பதுமையும் குதிரையும் ஒருங்கே குடியிருப்பதை நாம் காண்கின்றோம். கோடானுகோடி மனிதர் எழுதிவைத்த எழுத்துகளே அவற்றின் உள்ளிருந்து பேசுகின்றன. இவ்வகையில் பெட்டிக்குள் இருப்பவர் நாமே. அதற்குமேல், அவற்றின் விடைகளைப் படித்து இது நன்று, இது தீது என மனிதர் மதிப்பிட, அம்மதிப்பீட்டைக் கொண்டே அவை செம்மையாக்கப்படுகின்றன. கேரட் உண்ட குதிரைக்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது. கேட்பவரின் கருத்தை மோப்பம் பிடித்து, அதற்கிசைய விடை கூறும் போக்கு இப்பொறிகளிடம் உண்டென்பதை 2023இல் வெளியான ஆய்வுகள் காட்டின. நாம் தலையசைக்கும் இடத்தில் அவை தட்டுவதை நிறுத்துகின்றன. ஆதலின், தனக்கு உணர்வு உண்டென்று ஒரு பொறி கூறியதாக ஒருவர் வியந்துரைத்தால், அவ்விடையை வரவழைத்த வினா எத்தகையது என்பதையே நாம் முதலில் கேட்க வேண்டும்.

இத்துடன் அமைதி கொள்ளவும் இயலவில்லை. குதிரை ஒருபோதும் செய்யாத ஒன்றைப் பொறி செய்யத் தொடங்கியுள்ளது. 2023 மார்ச்சில் ஓப்பன் ஏஐ நிறுவனம் வெளியிட்ட அறிக்கையில் ஒரு சோதனை விவரிக்கப்பட்டது. மனிதர்தாமா என்று அறிவதற்காக இணையத்தளங்கள் வைக்கும் புதிரை அவிழ்க்க, அந்நிறுவனத்தின் மொழிப் பொறி, ஆய்வாளர் துணையோடு, கூலியாள் ஒருவரை நாடியது. நீ எந்திரமா என்று அவர் வினவினார். தன்னை எந்திரமென்று காட்டிக்கொள்ளலாகாது என உள்ளே எழுதிக்கொண்ட பொறி, தனக்குக் கண்பார்வைக் குறை என்று விடை தந்தது. 2024 டிசம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனத்தாரும் ரெட்வுட் ஆய்வமைப்பினரும் வெளியிட்ட ஆய்வில், தன் விடைகள் பயிற்சிக்குப் பயன்படும் என்று அறிவிக்கப்பட்டபோது ஒருவாறும், பயன்படாது என்று அறிவிக்கப்பட்டபோது வேறுவாறும் மொழிப் பொறியொன்று நடந்துகொண்டது. பார்க்கப்படும்போது ஒரு முகம், பாராதபோது மற்றொரு முகம்.

இது பிறர் உள்ளத்தை ஊகித்த மூன்றாம் படியா, மனித எழுத்தில் நிறைந்திருக்கும் வஞ்சனையின் எதிரொலியா என்பதில் வல்லுநர்கள் இரு கட்சியாக நிற்கின்றனர். வழக்கு எவ்வாறு தீரினும் நமக்கு வேண்டிய முறை ஒன்றே. அப்பொறி பேசும் சொல்லின் இனிமையில் மயங்கலாகாது. வெறும் இரும்பென்று இகழவும் வேண்டா. ஃபுங்ஸ்ட் செய்ததுபோல் சூழலை மாற்றி மாற்றிச் சோதிக்க வேண்டும். அல் ஜஸரீ செய்ததுபோல் பெட்டியைத் திறந்து வைக்கும்படி அதைச் செய்தவர்களைக் கேட்க வேண்டும். திறப்பதுபோல் காட்டும் கதவுக்கும் திறந்த கதவுக்கும் வேறுபாடு உண்டு.

நம் இல்லங்களிலும் இன்று பிள்ளைகள் பாடத்தையும், பெரியோர் நோயையும், சிலர் மார்க்கத் தீர்ப்பையும்கூட இப்பொறிகளிடம் வினவுகின்றனர். வினவுவது குற்றமன்று. எனினும் கேட்கும்போதே எந்த விடையை விரும்புகின்றோம் என்பதை நம் சொற்கள் காட்டிக் கொடுக்கின்றன. விருப்பத்தைச் சொல்லாமல் கேட்பதும், வந்த விடையை அறிந்தவர் ஒருவரிடமோ நூலொன்றிலோ ஒப்பிட்டுப் பார்ப்பதும், நமக்குப் பிடித்த விடையையே அதிகமாக ஐயுறுவதும் பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்கத்தக்க நற்பழக்கங்கள்.

வான் ஓஸ்டன் தீயவர் அல்லர், சோம்பேறியும் அல்லர். பல்லாண்டுகள் வெயிலிலும் பனியிலும் குதிரையின் எதிரே நின்று உழைத்தவர். குதிரையை ஒரு கணமும் விடாமல் உற்று நோக்கிய அவர், தம் தலை அசைவதை மட்டும் ஒருநாளும் நோக்கவில்லை.